ஒன்பது சென்டிமீட்டர் அகலம்

அமெரிக்க ராணுவம் தன் பழைய வண்டிகளைப் பொதுமக்களுக்கு விற்பது வழக்கம். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்புகள் அப்படித்தான் விவசாயிகள் கைக்குப் போயின. ஆனால் எம்-151 என்ற ஜீப்பை முழுசாகக் கொடுக்க அது மறுத்துவிட்டது. துண்டு துண்டாக அறுத்து, பழைய இரும்பு என்று விற்றது. ஆர்டர் கொடுத்துச் செய்யச் சொல்லி, தன் சிப்பாய்களை வியட்நாம் வரை அதிலேயே ஏற்றி அனுப்பிய ராணுவமே, பொதுச்சாலையில் ஓட்டத் தகாத வண்டி என்று அதற்கு முத்திரை குத்தியிருந்தது. போர்முனைக்கு ஆகும், ஊர்ச்சாலைக்கு ஆகாது. அறுத்த பாதிகளை வாங்கிப் பற்றவைத்து ஓட்டிய கில்லாடிகளும் அங்கே உண்டு. நம் ஊரில் மட்டும்தான் அந்த வித்தை என்று நினைத்திருந்தேன்.

எம்-151 என்னதான் பாவம் செய்தது? ஃபோர்டு கம்பெனி 1950களில் வடிவமைத்து, 1960இல் படைக்கு வந்த வண்டி அது. தனி சேஸிஸ் கிடையாது, பாடியே சேஸிஸ். நான்கு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும், காயில் ஸ்பிரிங். பழைய ஜீப்பின் பட்டை ஸ்பிரிங்கில் குலுங்கி இடுப்பு விட்டுப்போன சிப்பாய்க்கு அது பெரிய சொகுசு. கோளாறு பின்பக்கத்தில் இருந்தது. வளைவில் வேகமாகத் திருப்பினால் பாடி மேலே எழும்பும். வெளிப்பக்கத்துப் பின்சக்கரம் அடியில் உள்பக்கமாக மடங்கிப்போகும். வண்டிக்கு அகலம் அதிகம் தேவைப்படுகிற அந்த நொடியில் சக்கரங்களுக்கு நடுவே இருக்கும் அகலம் குறைந்துவிடும். அப்புறம் வண்டி உருள வேண்டியதுதான்.

பின்னால் பாரமில்லாமல் வெறும் வண்டியாகப் போகும்போது ஆபத்து கூடுதல். அதனால் சிப்பாய்கள் தோட்டாப் பெட்டியில் மணலை நிரப்பிப் பின்சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள். சரக்கு ஏறினால் மணலைக் கொட்டிவிடலாம். இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. எந்த நாட்டுப் பட்டாளமாக இருந்தாலும் டிரைவர் டிரைவர்தான். டிராயிங் போர்டில் விட்டதை மணலை வைத்துச் சரிக்கட்டியிருக்கிறான்.

1970இல் வந்த எம்-151 ஏ2 மாடலில் பின் சஸ்பென்ஷனையே மாற்றினார்கள். சக்கரம் மடங்குவது நின்றது. அப்படியும் வண்டி கவிழ்வது முழுதாக நிற்கவில்லை. 1980களில் முன்சீட்டையும் பின்சீட்டையும் காக்கும்படி இரும்புக் குழாய்க் கூண்டு ஒன்றைப் பல வண்டிகளுக்குப் பொருத்தினார்கள். பிறகு அதன் இடத்துக்கு ஹம்வீ வந்தது. எம்-151இன் அகலம் சுமார் ஐந்தேகால் அடி, ஹம்வீயின் அகலம் ஏழு அடி. ராணுவம் பாடம் படித்ததா இல்லையா என்பதற்கு இந்த இரண்டு எண்ணே சாட்சி.

நான் ராணுவத்தில் இ.எம்.இ. பிரிவில் வண்டி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது போடியில் சின்னதாக ஒரு பட்டறை. ஜபல்பூரில் செய்த ஜோங்கா, மஹிந்திரா ஜீப், ஜிப்ஸி என்று என் கை படாத நான்கு சக்கர இழுவை வண்டி குறைவு. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்புகள் எங்கள் ஊரில் விடியுமுன்னே மெட்டு ஏறத் தொடங்கிவிடும். அவற்றில் சில சப்பையாகி லாரியில் என் பட்டறை வாசலுக்கு வந்து இறங்கும். அப்போதெல்லாம் சுற்றி நிற்பவர்கள் சொல்வது ஒன்றே: ‘டிரைவர் கண்ணசந்துட்டான்.’ இருக்கலாம். ஆனால் இந்த வண்டிகளின் வரலாற்றைத் தேடிப் படித்த பிறகு அந்தப் பேச்சை அப்படியே ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. வண்டியைச் செய்தவர்களுக்கு விஷயம் தெரியும். ஒவ்வொரு முறையும் டிரைவரைக் கை காட்டிவிட்டு, கொஞ்ச காலம் கழித்து ஆக்சிலை அகலப்படுத்தியிருக்கிறார்கள்.

ஜீப் பிறந்ததே ஒடுக்கமாகத்தான். 1940இல் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதி ஒரு சின்ன உளவு வண்டி கேட்டது. பாண்டம் என்ற சிறு கம்பெனி அந்த செப்டம்பரிலேயே மாதிரி வண்டியை ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்தியது. அதிலிருந்து வளர்ந்ததுதான் 1941இன் வில்லிஸ் எம்.பி. இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே சுமார் 49 அங்குலம். எஞ்சின் 60 குதிரைத்திறன். சேற்றில் சிக்கினால் நாலு பேர் சேர்ந்து தூக்கிவிட வேண்டும், கிளைடர் விமானத்தின் வயிற்றுக்குள் அடங்க வேண்டும், புதருக்குப் பின்னால் ஒளிய வேண்டும். இதற்கெல்லாம் அகலம் இடைஞ்சல். மேலே தார்ப்பாய், முன்கண்ணாடியைப் பானட் மேல் படுக்கப் போட்டுவிடலாம். கவிழ்ந்தால் தலைக்கு மேலே உயிர் காக்க எதுவும் இல்லை. அந்தக் காலத்துச் சண்டைக்கு அதை யாரும் குறையாக நினைக்கவில்லை. எதிரியின் குண்டுக்கு முன்னால் வளைவில் கவிழ்வது ஒரு பயமா?

சண்டை முடிந்த பிறகும் அதே உடம்பை வைத்துக்கொண்டதில்தான் வினை தொடங்கியது. கொரியப் போர்க் காலத்து ராணுவ ஜீப்பிலிருந்து சி.ஜே.5 என்ற பொதுமக்கள் ஜீப் பிறந்தது. 1954 தொடங்கி 1983 வரை அதைச் செய்தார்கள். வயலுக்கும் பண்ணைக்கும் மெதுவாகப் போய்வந்தவரை தொல்லை இல்லை. 1970களில் அமெரிக்க இளைஞர்களுக்கு ஜீப் விளையாட்டுச் சாமான் ஆனது. 1972இல் அந்தக் குட்டை வண்டிக்குள் ஐந்து லிட்டர் வி8 எஞ்சினை இறக்கினார்கள், 150 குதிரைத்திறன். அதை நுழைக்க வண்டியின் நீளத்தை மூன்று அங்குலம் கூட்டியவர்கள், சக்கர அகலத்தில் கஞ்சத்தனம் காட்டினார்கள். வில்லிஸின் எஞ்சினைப்போல் இரண்டரை மடங்கு பலம், நிற்கிற கால் மட்டும் ஏறக்குறைய வில்லிஸின் கால். என்னைக் கேட்டால், ஜீப் வரலாற்றிலேயே பெரிய தப்பு இந்த எஞ்சின்தான்.

1980 டிசம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சியின் ‘சிக்ஸ்டி மினிட்ஸ்’ நிகழ்ச்சி சி.ஜே.5 கவிழ்கிற சோதனைப் படங்களைக் காட்டியது. காப்பீட்டுக் கம்பெனிகள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் எடுத்த படங்கள் அவை. ஆள் இடத்தில் பொம்மை, ஸ்டியரிங்கைத் திருப்ப இயந்திரம். திருப்பியதும் வண்டி உருள்கிறது, பொம்மைகள் வெளியே வீசப்படுகின்றன. கம்பெனித் தரப்பு சும்மா இருக்குமா? பல நூறு தடவை ஓட்டி, கவிழ்ந்த சில தடவைகளை மட்டும் காட்டினார்கள் என்றது. அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் 1982இல் வந்த சி.ஜே. ஜீப்புகளின் ஆக்சிலை முன்பைவிடச் சில அங்குலம் அகலமாகச் செய்ததும் அதே கம்பெனிதான். அடுத்த ஆண்டு சி.ஜே.5 நின்றுபோனது. 1987 மாடலாக வந்த ராங்லர், தரைக்கு இன்னும் நெருக்கமாக, அகலமாக உட்கார்ந்தது. பழைய ஜீப் வாங்குகிற அமெரிக்கர்கள் இன்றும் அந்த அகல ஆக்சிலைத் தேடி அலைகிறார்கள்.

அரசு என்ன செய்தது என்று கேட்பீர்கள். 1984இல் ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னது. ‘இது சாதாரணக் கார் மாதிரி ஓடாது, வெடுக்கென்று திருப்பாதே’ என்ற கருத்தில் டிரைவர் கண்ணில் படும்படி ஓர் எச்சரிக்கை. கவிழ்ந்தால் நீ படிக்கவில்லை என்று அர்த்தம்.

அடுத்து மாட்டியது சுசுகி சாமுராய். 1980களின் நடுவில் அமெரிக்காவில் இறங்கிய இந்தக் குட்டி வண்டி மலிவாக இருந்ததால் சக்கைப்போடு போட்டது. 1988 ஜூலை இதழில் ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ பத்திரிகை அதற்கு ‘ஏற்கத் தகாதது’ என்று மதிப்பெண் போட்டது. குறுக்கே வருவதைத் தவிர்க்க இடப்பக்கம் வெட்டி, உடனே வலப்பக்கம் வெட்டும் சோதனையில் இரண்டு சக்கரம் தரையை விட்டு எழுந்த படம் உலகம் சுற்றியது. விற்பனை சரிந்தது. அதே ஆண்டு அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் விசாரணை நடத்த மறுத்தது. அந்தச் சோதனை அறிவியல் முறைப்படி இல்லை, இந்த வகையைச் சேர்ந்த மற்ற வண்டிகளைவிடச் சாமுராய் தனியாக மோசமில்லை என்பது அதன் முடிவு. சுசுகி 1996இல் வழக்குப் போட்டு, 2004இல் காசு கைமாறாமல் சமரசம் ஆனது. சுசுகிக்காரர்களுக்கு நிர்வாகத்தின் அந்த வாசகம் நற்சான்றிதழ் மாதிரி. எனக்கு அது நேர்மாறாகத்தான் படுகிறது. ஒருத்தன் மட்டும் குற்றவாளி இல்லை என்றால், அந்த வகை முழுவதுமே உயரமாகவும் ஒடுக்கமாகவும் இருந்தது என்றுதானே பொருள்?

இந்தச் சாமுராய்க்கும் நமக்கும் நேரடி உறவு உண்டு. நம் மாருதி ஜிப்ஸி அதன் அண்ணன் தம்பி. 1985 கடைசியில் இங்கே வந்த முதல் ஜிப்ஸி எம்.ஜி.410, 970 சிசி எஞ்சின். சாமுராயைவிட நீளம் கூடியது. சக்கர அகலம் முன்னால் 1,210 மி.மீ., பின்னால் 1,220 மி.மீ. அமெரிக்காவில் நீதிமன்றம் வரை இழுபட்ட சாமுராயின் சக்கர அகலம் எவ்வளவு தெரியுமா? முன்னால் 1,300, பின்னால் 1,310. அதாவது அங்கே ‘கவிழும் வண்டி’ என்று பெயர் வாங்கியதைவிட ஒன்பது சென்டிமீட்டர் ஒடுக்கமான வண்டியில்தான் நம் போலீஸ்காரரும் வனத்துறைக்காரரும் மலைச்சாலைகளில் போய்வந்து கொண்டிருந்தார்கள். 1993இல்தான் இங்கே ‘வைட் டிராக்’ ஜிப்ஸி வந்தது. முன்னும் பின்னும் சரியாக 90 மி.மீ. அகலம் கூடியது. சக்கரத்துக்கு மேலே மட்கார்டு விளிம்பு துருத்திக்கொண்டிருப்பது அதன் அடையாளம். பழைய ஜிப்ஸி வாங்குகிறவர் முதலில் கேட்கிற கேள்வி இன்றைக்கும் ‘வைட் டிராக்கா?’ என்பதுதான். ஆனால் முக்கால்வாசிப் பேர் அதைப் பார்வைக்காகக் கேட்கிறார்கள்.

ஒன்பது சென்டிமீட்டரில் என்ன வந்துவிடும் என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கு. வைக்கோல் பாரம் ஏற்றிய மாட்டுவண்டி மேட்டில் ஏறிச் சாய்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். சக்கர அகலத்தில் பாதியை எடுத்து, தரையிலிருந்து ஈர்ப்பு மையம் இருக்கும் உயரத்தால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். எண் பெரிதாக இருந்தால் வண்டி லேசில் சாயாது. அமெரிக்க நிர்வாகம் 2001 மாடல்களிலிருந்து இந்த எண்ணை வைத்துத்தான் கவிழ்வதற்கு நட்சத்திரம் கொடுத்தது. சாதாரணக் கார்களுக்கு இது 1.3 முதல் 1.5 வரை இருக்கும், ஜீப் வகைகளுக்கு 1.0 முதல் 1.3 வரை. அந்த நட்சத்திரம் வருவதற்கு முந்தைய ஆண்டுதான் ஃபோர்டு எக்ஸ்புளோரரும் ஃபயர்ஸ்டோன் டயரும் சேர்ந்து அமெரிக்காவை உலுக்கின. டயர் பிரிந்து, வண்டி உருண்டு, இருநூறுக்கும் மேற்பட்ட சாவுகள். அதற்குப் பிறகுதான் சட்டமும் எண்ணும் எல்லாம் வந்தன.

ஈர்ப்பு மையம் 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். சக்கர அகலம் 1,300 மி.மீ. என்றால் எண் 1.0. பழைய 1,210 மி.மீ. என்றால் 0.93. இப்போது அகல ஜிப்ஸியை எடுத்து, பெரிய டயரும் நீள ஷேக்கிளும் போட்டு ஈர்ப்பு மையத்தை ஐந்து சென்டிமீட்டர் மேலே தூக்குங்கள். எண் மறுபடியும் 0.93! ஆக்சிலை மாற்றிக் கம்பெனி கொடுத்த ஒன்பது சென்டிமீட்டரை, இரண்டு அங்குலம் தூக்கி நாமே திருப்பிக் கொடுத்துவிட்டோம். என் பட்டறைக்கு வருகிற பையன்கள் ‘அண்ணே, நாலு இஞ்ச் லிஃப்ட் போடணும்’ என்று கேட்கும்போது இந்தக் கணக்கைத்தான் சுவரில் சாக்பீஸால் எழுதிக் காட்டுகிறேன். பாதிப் பேர் கேட்கிறார்கள். மீதிப் பேர் வேறு பட்டறைக்குப் போகிறார்கள்.

தோட்ட ஜீப்பில் இதைவிடப் பெரிய வில்லங்கம் ஆட்பாரம். பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு, நடுவில் நிற்பவர்கள், கேரியர் மேல் மூட்டை. ஆள் ஒவ்வொருவரும் அறுபது கிலோ என்றாலும் பத்துப் பேர் அறுநூறு கிலோ. இத்தனை எடையும் சேஸிஸுக்கு மேலே, சீட்டு உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. வளைவில் எல்லோரும் ஒரே பக்கம் சாய்வார்கள். கம்பெனி அளந்து கொடுத்த எண் எதுவும் அந்த நேரத்தில் செல்லாது. எம்-151இல் சிப்பாய்கள் எடையைத் தாழ்வாக வைத்து வண்டியைக் காப்பாற்றினார்கள். நாம் எடையை மேலே அடுக்குகிறோம்.

கவிழாமல் இருக்க அகலம் வேண்டும். கவிழ்ந்த பிறகு பிழைக்க வேறு இரண்டு வேண்டும்: நசுங்காத கூடு ஒன்று, அதற்குள்ளேயே ஆளை இருத்துகிற பெல்ட் ஒன்று. இந்த உண்மையைக் கார்க்காரர்களுக்கு முன்னால் டிராக்டர்காரர்கள் கண்டுகொண்டார்கள். ஸ்வீடன் நாட்டில் 1959 முதல் புது டிராக்டர் எதற்கும் டிரைவர் தலைக்கு மேல் பாதுகாப்புச் சட்டகம் கட்டாயம். அதற்குப் பிறகு அங்கே டிராக்டர் கவிழ்ந்து சாவது பெருமளவு குறைந்துபோனது. கார்களின் கூரை நசுங்கக் கூடாது என்று அமெரிக்காவில் விதி வந்தது 1973இல், வண்டி எடையைப்போல் ஒன்றரை மடங்கு அழுத்தம் தாங்கினால் போதும் என்று. ஜீப், வேன், பிக்கப் வகைகளுக்கு அதே விதி 1990களில்தான் நீண்டது. மூன்று மடங்கு என்று ஏறியது 2009இல். திறந்த கூரை வண்டிகளுக்கு இந்த விதியிலிருந்து விலக்கு வேறு. கூரையே இல்லாதவனிடம் கூரை பலத்தை எப்படிக் கேட்பது என்ற நியாயம் போலிருக்கிறது!

நம் நாட்டில் 2020இல் வந்த மஹிந்திராவின் புது தார் ஜீப், குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் வாங்கியது. கம்பெனியே உள்ளே கூண்டு போட்டுக் கொடுக்கிறது, சீட்டுகள் முன்னோக்கிப் பார்க்கின்றன. எதிரெதிர் பெஞ்சு போட்ட தொடக்க மாடல்கள் சீக்கிரமே விலைப்பட்டியலிலிருந்து மறைந்தன. ஆனால் சாலையில் இன்னும் ஓடுகிற பழைய ஜீப்புகளுக்கு அந்த வசதி எதுவும் தானாக வராது. நாம்தான் செய்ய வேண்டும், அதையும் சரியாகச் செய்ய வேண்டும்.

இங்கேதான் என் தொழில்காரர்களிடமே எனக்கு வருத்தம். ‘ரோல் கேஜ்’ என்ற பெயரில் தண்ணீர்க் குழாயை வளைத்துப் பற்றவைத்து, கறுப்புப் பெயின்ட் அடித்து, மேலே நாலு லைட்டு மாட்டிக் கொடுக்கிறார்கள். வண்டி உருளும்போது அது வைக்கோல்போல மடியும். கார் பந்தயத்துக்கு விதி வகுக்கும் சர்வதேச அமைப்பான எஃப்.ஐ.ஏ., முக்கிய வளைவுக்கு இணைப்பில்லாத எஃகுக் குழாய், 45 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. தடிமன் என்று அளவு சொல்லியிருக்கிறது. குழாயின் காலை வெறும் தகட்டில் போல்ட் போட்டால் உருளும்போது தகட்டைப் பொத்துக்கொண்டு இறங்கும். கால் சேஸிஸில் நிற்க வேண்டும். பாடி ரப்பர் புஷ்ஷில் ஆடுவதால், பாதி பாடியிலும் பாதி சேஸிஸிலும் பிடித்தால் பற்றவைப்பு விரிசல் விடும். அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. பெல்ட் இல்லாத வண்டியில் கூண்டு போடுவதைவிடப் போடாமல் இருப்பதே மேல் என்று நான் சொல்வேன். கேட்பவர்கள் முறைப்பார்கள். பெல்ட் போடாத ஆளின் தலை முதலில் போய் மோதுவது அந்தக் குழாயில்தான். அதில் தப்பினால் வெளியே வீசப்படுவான், அவன் மேலேயே அவன் வண்டி உருளும். அமெரிக்காவில் விபத்துகளில் வண்டி உருள்வது நூற்றுக்கு மூன்று அளவுதான், ஆனால் வண்டிக்குள் இருந்து சாகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதில் சாகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெல்ட் போடாதவர்கள்.

ஆகவே பழைய ஜீப்போ ஜிப்ஸியோ ஆசையாக வாங்கிப் புதுப்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இந்த வரிசைதான். முதல் செலவை பெல்ட்டுக்கும், அது பிடித்து நிற்கிற போல்ட்டுக்கும் செய்யுங்கள். அடுத்து சேஸிஸில் நிற்கும் முறையான கூண்டு, தலை படுகிற இடத்தில் தடித்த ஃபோம். டயர் கம்பெனி அளவிலேயே இருக்கட்டும், கேரியரைக் கழற்றிவிடுங்கள். காசு மிஞ்சினால் அப்போது பெயின்ட்டும் லைட்டும். தோட்ட முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை: ஆள் ஏற்ற ஜீப்தான் வேண்டும் என்றால் இரண்டாவது நடையாக இன்னொரு தடவை அனுப்புங்கள். டீசல் செலவு அதிகமாகும், ஆகட்டும். பின்னால் எதிரெதிராகப் போட்ட பெஞ்சுகளை இந்த வாரமே கழற்றி, முன்னோக்கிப் பார்க்கிற சீட்டும் ஆளுக்கொரு பெல்ட்டும் போடச் சொல்லுங்கள்.